பந்தியில் இடமில்லை, ஒளி போகலாம்!

பனிமூட்டம் அடர்ந்தால் எதிரே வரும் லாரிகூடத் தெரியாது. ஆனால், லித்தியம் அணுக்களை நெருக்கி, உறைய உறையக் குளிர வைத்தால் கதை தலைகீழ். அந்த அணு மேகம் ஒளிக்கு வழிவிடுகிறது!

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வுல்ஃப்கேங் கெட்டர்லியின் குழு 2021-ல் இதைக் காட்டியது. காரணம், 1925-ல் பாலி சொன்ன விதி (அவரும் ஒரு வுல்ஃப்கேங்தான்!). இவ்வகை அணுக்களில் இரண்டு, ஒரே நிலையில் இருக்க முடியாது. கல்யாணப் பந்தி மாதிரி, ஓர் இலைக்கு ஓர் ஆள். ‘இலை’ என்றால் இருக்கும் இடம் மட்டுமல்ல, வேகமும் சேர்த்துத்தான்.

ஒளியைச் சிதறடிக்க வேண்டுமென்றால், அது தள்ளும் தள்ளில் அணு வேறு இலைக்கு நகர வேண்டும். அக்கம்பக்கமெல்லாம் நிரம்பியிருந்தால் எங்கே நகர்வது? ஒளி பாட்டுக்கு நேரே போய்விடுகிறது. பந்தியின் ஓரத்தில் இருப்பவர்கள் மட்டும் எழுந்து நகரலாம். அதனால் மேகம் முழுக்கக் கண்ணாடியாகிவிடவில்லை. சிதறல் 38 சதவிகிதம் குறைந்தது. அதற்கே, வெப்பநிலையைக் கடைக்கோடிக் குளிருக்கு மேல் ஒரு டிகிரியின் 10 லட்சத்தில் 20 பங்கு வரை இறக்க வேண்டியிருந்தது.

எதற்கு இவ்வளவு பாடு? குவாண்டம் கணினியில் ஒளி சிதறினால் தகவல் கசியும். அந்த ஓட்டையை அடைக்க இது ஒரு வழி.