போர்டுதானே சார்!

இன்டர் ரிசல்ட் வந்ததும் சித்தூரில் என்னைத் தேடி ஆள் வர ஆரம்பித்துவிடும். பையன் பி.டெக் சேரப் போகிறான், திருப்பதியில் ரூம் பார்த்தாகிவிட்டது. "படிப்புக்கும் ஆகணும், கேமும் ஓடணும், நாப்பதாயிரத்துல ஒரு பிசி சொல்லு தம்பி." சொல்லலாம், சொல்வதில் எனக்கென்ன கஷ்டம்? ஆனால் எதைச் சொன்னாலும் கடைசியில் மதர்போர்டில்தான் கை வைக்கிறார்கள். வயிறு எரிகிறது.

கடையில் எழுதித் தரும் கொட்டேஷனைப் பாருங்கள். ப்ராசஸருக்குப் பெயரும் எண்ணும் முழுசாக இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு எத்தனை ஜிபி என்பது வரை இருக்கும். கேபினெட்டில் எத்தனை ஃபேன், எதில் கலர் லைட் எரியும், எல்லாம் உண்டு. நடுவில் ஒரு வரி மட்டும் மொட்டையாக நிற்கும்: "மதர்போர்டு – எச்610". எந்தக் கம்பெனி, எந்த மாடல்? கேட்டால், "ஏ போர்டு அயினா ஒக்கடே சார்!" எல்லாப் போர்டும் ஒன்றுதானாம். ஒன்றுதான் என்றால் இன்டெல்காரன் அதே தலைமுறைக்கு எச்610, பி660, எச்670, இசட்690 என்று நாலு சிப்செட் எதற்காகப் போடுகிறான்? பொழுது போகாமலா?

எச்610-ல் ரேம் ஸ்லாட் இரண்டே இரண்டு. அதில் ஒன்றில் 16 ஜிபி ஸ்டிக்கைச் செருகிவிட்டு, "இன்னொன்னு அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. டிடிஆர்4 3200 ரேம் ஒற்றையாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி, ஜோடியாக இருந்தால் 51.2. கார்டு வாங்கக் காசில்லாமல் ரைசன் 5600ஜி-யின் உள் கிராஃபிக்ஸை நம்பி விளையாடுகிற பையனுக்கு இது பெரிய அடி. அவனுடைய கிராஃபிக்ஸும் அந்த ரேமில்தானே பிழைக்கிறது! போதாக்குறைக்கு 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறியது. அந்தத் துண்டை எங்கே ஈடுகட்டினார்கள் என்கிறீர்கள்? போர்டில்தான்.

2022 ஜனவரியில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று ஒரு கார்டை இறக்கியது. கிரிப்டோ மைனிங்காரர்கள் கடையில் ஒரு கார்டு விடாமல் வாரிக்கொண்டு போன காலம். அப்பாடா, நம் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்று வந்ததே என்று பசங்க பாய்ந்தார்கள். மெமரி 4 ஜிபி. ஸ்லாட்டில் உட்காரும் பகுதி பார்ப்பதற்கு முழு நீளம்தான், ஆனால் உள்ளே வேலை செய்வது 16 லேன் இல்லை, வெறும் 4. பிசிஐஇ 4.0 உள்ள போர்டில் லேனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 2 ஜிபி, ஆக மொத்தம் 8 ஜிபி போகும். நம் பசங்களிடம் இருந்ததோ பி450, ஏ520, இல்லையென்றால் பத்தாம் தலைமுறை இன்டெல் போர்டு. எல்லாமே 3.0. லேனுக்கு 1 ஜிபிதான், வழி அங்கேயே பாதியாகிவிட்டது. கேமின் டெக்ஸ்சர் அந்த 4 ஜிபிக்குள் அடங்கும்வரை ஒன்றும் தெரியாது. அது நிரம்பியதும் மெயின் ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். ஜூன் மாசம் கூழ் ஃபேக்டரி கேட்டில் தோத்தாபுரி லோடோடு டிராக்டர்கள் நிற்குமே, அந்தக் கதைதான். துப்பாக்கியோடு ஓடுகிறவன் நின்று நின்று ஓடுவான், எதிராளி நிதானமாகச் சுட்டுவிட்டுப் போவான். கார்டு அதேதான், கேம் அதேதான், போர்டு மட்டும் வேறு.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். மலிவு கார்டை யார் வாங்குவார்கள்? பழைய போர்டு வைத்திருப்பவன்தானே! அவனுக்கென்று கார்டு செய்துவிட்டு, புது போர்டு இருந்தால்தான் ஒழுங்காக ஓடும் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

சரி, பி550 போர்டு வாங்கினால் தப்பித்தோமா என்றால் அதுவும் இல்லை. போர்டில் 4.0 உண்டு. அதன்மேல் ரைசன் 5500-ஐயோ 5600ஜி-யையோ உட்கார வைத்தால் மறுபடி 3.0, ஏனென்றால் அந்த ப்ராசஸர்களுக்கு அவ்வளவுதான் வரும். கடைசியில் ஜி இல்லாத 5600 என்றால் 4.0. ஒரு எழுத்தில் இருக்கிறது சூட்சுமம். இதைக் கடையில் யார் சொல்கிறார்கள்?

இதில் வெயில் வேறு. மே மாசம் திருப்பதி மொட்டை மாடி ரூமில் மனுஷனே நாற்பது டிகிரியில் வேகிறான். ஐ7 12700 பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் முழு மூச்சில் ஓடும்போது 180 வாட் வரை இழுக்கும். அந்தக் கரண்டைப் பக்குவப்படுத்திக் கொடுப்பது சாக்கெட் பக்கத்தில் இருக்கும் விஆர்எம். அடிமட்ட எச்610-ல் அதன் மேல் ஒரு அலுமினியத் துண்டுகூட இருக்காது, மொட்டையாகக் கிடக்கும். அது சூடு ஏறினால் ப்ராசஸர் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். பையன் ப்ராசஸரைத் திட்டுவான். அந்தக் கலர் ஃபேன் கேபினெட்டை விட்டுவிட்டு அந்தக் காசில் ஒரு நல்ல பி660 எடுத்திருக்கலாமே என்றால் என்னை முறைப்பான்.

பயாஸ் தொல்லை தனி. கடையில் மாசக்கணக்கில் தூங்கிய எச்610-ல் பதினாலாம் தலைமுறை ப்ராசஸரைப் போட்டால் டிஸ்ப்ளேவே வராது. பயாஸை அப்டேட் செய்யப் பன்னிரண்டாம் தலைமுறை ப்ராசஸர் ஒன்று கையில் வேண்டும். அது இங்கே யாரிடமாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், அந்தப் பக்கம் பெங்களூர் எஸ்.பி. ரோடு, பஸ் ஏற வேண்டியதுதான். 2015-லேயே ஸ்ரீசிட்டியில் ஷாவ்மி போன் செய்ய ஆரம்பித்தார்கள். 2018-ல் அதே கம்பெனிக்குத் திருப்பதியில் டிவி. ஊரைச் சுற்றி எலெக்ட்ரானிக்ஸ், ஒரு போர்டு செத்தால் மட்டும் பார்சல் கட்டணும்!

இதெல்லாம் புதுசு வாங்குகிறவன் பாடு. "ஐ7 கேமிங் பிசி" என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறார்களே, அதை வாங்குகிறவனுக்கு என்ன சொல்ல? ஐ7 என்பது நிஜம்தான், ஆனால் மூன்றாம் தலைமுறை. கீழே எச்61 போர்டு, 2011-ல் வந்த சிப்செட். டிடிஆர்3 ரேம், அதிகபட்சம் 16 ஜிபி. எஸ்எஸ்டி போட்டாலும் சாட்டா 3 கிகாபிட்டுக்கு மேல் ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இந்தப் போர்டில் கிடையாது. ஏதோ குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றினாலும் வேலரண்ட் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பேட்டில்ஃபீல்டு 6-க்கும் செக்யூர் பூட் இல்லாமல் முடியாது. இத்தனையும் உட்கார வைத்து விளக்கிச் சொன்ன பிறகு அப்பாக்காரர் கேட்கிறார்: "அப்ப இன்னொரு எட்டு ஜிபி ரேம் போட்டா சரியாயிடுமா தம்பி?"