தொட்டில் எங்கே?

தாய்மையைப் போற்றாத மேடை உண்டா, தோழர்களே! தாயே தெய்வம் என்பார். தாள் பணிவோம் என்பார். அந்தத் தாய், பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே துணிக்கடையில் நிற்கிறாள். மார்பிலே பால் கட்டி வலிக்கிறது. வீட்டிலே பிள்ளை வீறிட்டு அழுகிறது. முதலாளியோ, "சேலையை விரித்துக் காட்டம்மா" என்கிறார்!

சட்டம் இல்லையா? 1961லேயே வந்தது. 12 வாரச் சம்பள விடுப்பு, முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரமென 2017இல் உயர்ந்தது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் எழுதினார்கள். ஏட்டிலே 49 பேர் என்று எழுதிவிட்டால்? தொட்டிலும் இல்லை, தொல்லையும் இல்லை!

"பணத்துக்கு எங்கே போவது?" என்று பதறுகிறார் முதலாளி. ஈ.எஸ்.ஐ.யில் பதிந்த பெண்ணுக்கு விடுப்புக் காலத் தொகையைத் தருவது ஈ.எஸ்.ஐ. கழகம், இவருடைய கல்லாப்பெட்டி அல்ல. இவர் கட்டுவது 100 ரூபாய் கூலிக்கு 3 ரூபாய் 25 காசு. அதற்கே அவள் பெயரைப் பதியக் கை நடுங்குகிறது!

தமிழக அரசு 2021இல் தன் பெண் ஊழியர்க்கு ஓராண்டு விடுப்பு தந்தது. மகிழ்ந்தோம். கடைத்தெருப் பெண் மட்டும் பால் சுரக்காதவளா?

உன்னையும் கேட்கிறேன், தம்பி. உன் சங்கத்தின் கோரிக்கைத் தாளில் போனஸ் உண்டு, பஞ்சப்படி உண்டு. தொட்டில் உண்டா? எங்கள் ஆலையில் பெண்களே இல்லை என்கிறாயா? உன் தங்கை எங்கே வேலைக்குப் போகிறாள்? இன்றிரவு அவளைக் கேள். அடுத்த கூட்டத்துக்கு அதை எழுதி எடுத்துக்கொண்டு வா.