முதுமைக்கு மெலடோனின் மருந்தா?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில் இப்போதெல்லாம் வைட்டமின் டப்பாக்களோடு மெலடோனின் டப்பாவும் இருக்கிறது. அப்பாவுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை, அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்ற கவலையில் வாங்கிவருவது. அந்தக் கவலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், டப்பாவோடு கூடவே வரும் வாதத்தை அப்படியே ஏற்க முடியாது. மெலடோனின் என்பது தூக்க ஹார்மோன். வயது ஏற ஏற அது வற்றிவிடுகிறது. அதனால்தான் தூக்கம் கெடுகிறது, மூப்பும் விரைகிறது. மாத்திரையால் ஈடுகட்டினால் இரண்டும் சரியாகும். இயற்கையான பொருள் என்பதால் கெடுதலும் இல்லை. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட முழு உறுதியானதல்ல.

முதலில், அது தூக்க ஹார்மோனே அல்ல. எலி இரவெல்லாம் விழித்து இரை தேடும் உயிர். அதன் உடலிலும் மெலடோனின் இரவில்தான் பெருகுகிறது. மெலடோனின்தான் தூங்கவைக்கிறது என்றால் எலி இரவில் சுருண்டு படுத்திருக்க வேண்டும். உண்மையில் அது இருட்டை அறிவிக்கும் ஹார்மோன். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். அங்கிருந்து வரும் கட்டளைப்படி பினியல் சுரப்பி இரவில் மெலடோனினைச் சுரக்கிறது. அந்தக் காலத்தில் நகராட்சிச் சங்கு ஊருக்கு மணி சொன்னதைப்போல, பொழுது சாய்ந்துவிட்டது என்று அது உடலெங்கும் சொல்கிறது. சங்கு யாரையும் வேலைக்கு இழுத்துப் போனதில்லை. மெலடோனினும் யாரையும் பிடித்துத் தூங்கவைப்பதில்லை.

மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. தூக்கக் கோளாறு உள்ளவர்களிடம் நடந்த 19 ஆய்வுகளை, மொத்தம் 1,683 பேரின் கணக்கை, ஒன்றுசேர்த்து 2013இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. மெலடோனின் எடுத்தவர்கள் ஏழு நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள், மொத்தத்தில் எட்டு நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். பலன் இருக்கிறது, அளவு அவ்வளவுதான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

வயதானால் மெலடோனின் வற்றிவிடுகிறது என்பதற்கு வருவோம். சராசரி குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் யாருடைய சராசரி என்று கேட்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளே மெலடோனின் சுரப்பை அடக்கக்கூடியவை. முதியவர்களில் எத்தனை பேர் இவற்றை அன்றாடம் விழுங்குகிறார்கள்! 1999இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், மருந்து எதுவும் எடுக்காத, 65 முதல் 81 வயது வரையிலான ஆரோக்கியமான முதியவர்கள் 34 பேரை, 98 இளைஞர்களோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான முதியவர்களின் இரவு மெலடோனின் இளைஞர்களுடையதைவிடக் குறிப்பிடும்படி குறைந்திருக்கவில்லை. முதுமை என்றாலே வற்றல் என்று அடித்துச் சொல்ல இனி இடமில்லை.

அப்படியானால் முதுமையில் தூக்கம் ஏன் மாறுகிறது? வயது ஏறும்போது உடல் கடிகாரம் பெரும்பாலும் முன்னே நகர்கிறது. எட்டு மணிக்கே கண் சொக்குகிறது, மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இங்கேதான் டப்பா வாங்கிவரும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மாலையிலோ முன்னிரவிலோ எடுக்கும் மெலடோனின், கடிகாரத்தை மேலும் முன்னே தள்ளும் இயல்புடையது. ஏற்கெனவே மூன்று மணிக்கு எழும் அம்மாவுக்கு இரவு ஏழரைக்கு மாத்திரை கொடுத்தால், நோய் எதுவோ அதன் திசையிலேயே மருந்தும் தள்ளுகிறது. நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராத இளைஞருக்கு உதவக்கூடிய அதே பண்பு இவருக்குத் தொல்லை. அளவைவிட நேரம் முக்கியமான மருந்து இது. டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதோ அளவு மட்டும்.

கடிகாரத்துக்கு உண்மையில் என்ன தேவை என்பது நம் ஊரிலேயே ஆராயப்பட்ட விஷயம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவரது குழுவினரும் குகை வௌவால்களின் நாள் தாளத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பகலும் இரவும் தெரியாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் பார்த்தார்கள். உலகின் பல இடங்களில் நடந்த இத்தகைய ஆய்வுகள் சொல்வது இது: கடிகாரம் வெளித்தூண்டல் இல்லாமலே ஓடும், ஆனால் வெளிச்சம் வந்து திருத்தாவிட்டால் ஊரின் 24 மணியோடு ஒட்டாமல் விலகிப்போகும். அதைத் திருத்தும் முதல் கருவி வெளிச்சம்தான்.

முதியவர்களுக்குக் குறைவாகக் கிடைப்பதும் அதுவே. பார்வைக்கான செல்களைத் தவிர, நீல வெளிச்சத்தை உணர்ந்து கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் தனி வகைச் செல்கள் விழித்திரையில் இருப்பது 2002இல் உறுதியானது. வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சள் படிந்து அந்த நீலத்தையே தடுக்கிறது. போதாததற்கு மூட்டுவலி, விழுந்துவிடுவோம் என்ற பயம், வீட்டாரின் கண்டிப்பு. முழுப் பகலும் ஜன்னல் சாத்திய அறையில் தொலைக்காட்சி முன்னால் கழிகிறது. வெட்டவெளிப் பகலில் மேகமூட்டத்திலும் பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வீட்டு அறையில் சில நூறு இருந்தாலே அதிகம். பகல் பகலாக இல்லாதபோது இரவும் இரவாக இருப்பதில்லை. இதைச் சரிசெய்யாமல் மாத்திரையைத் தேடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

நெதர்லாந்தில் 12 முதியோர் காப்பகங்களில், பெரும்பாலும் மறதிநோய் கொண்ட 189 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. சில காப்பகங்களின் கூடங்களில் பகல் முழுக்க ஏறத்தாழ 1,000 லக்ஸ் விளக்கு. சிலருக்கு மாலையில் 2.5 மில்லிகிராம் மெலடோனின், சிலருக்கு இரண்டும். வெளிச்சம் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது, அறிவாற்றல் சரிவும் சற்று மெதுவானது. மெலடோனின் மட்டும் எடுத்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினார்கள். ஆனால் அவர்களின் மனநிலை மோசமானது, சுற்றியிருப்பவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். வெளிச்சத்தோடு சேர்த்தல்லாமல் முதியவர்களுக்கு இதைத் தரக் கூடாது என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. எந்த டப்பாவிலும் இந்த எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை.

மூப்பைத் தள்ளிப்போடும் என்ற நம்பிக்கை 1995இல் வெளியான ‘தி மெலடோனின் மிரக்கிள்’ என்ற புத்தகத்தால் பரவியது. எழுதியவர்கள் வால்டர் பியர்பாவோலியும் வில்லியம் ரெகெல்சனும். அதற்கு ஓராண்டு முன்புதான், 1994இல், அமெரிக்கச் சட்டம் இத்தகைய பொருள்களை மருந்துக்குரிய சோதனை இல்லாமல் சத்துப்பொருளாக விற்க வழிவிட்டிருந்தது. புத்தகத்தின் முக்கிய ஆதாரம் சுண்டெலிகள். இளம் சுண்டெலியின் பினியல் சுரப்பியைக் கிழச் சுண்டெலிக்குப் பொருத்தியபோது அது அதிகநாள் வாழ்ந்ததாம். புத்தகம் வந்த அதே ஆண்டில் ஸ்டீவன் ரெப்பர்ட், டேவிட் வீவர் என்ற இரு விஞ்ஞானிகள் ‘செல்’ இதழில் இதற்குப் பதில் எழுதினார்கள். பரிசோதனைக்கு எடுத்த சுண்டெலி வகைக்கு மரபணுக் குறையால் மெலடோனினை உருவாக்கும் திறனே இல்லை; பொருத்திய சுரப்பியிலும் இல்லாத ஒன்று ஆயுளை எப்படி நீட்டியிருக்கும்? மெலடோனின் உருவாகும் வேறொரு வகைப் பெண் சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்தபோது, இனப்பெருக்க உறுப்புகளில் கட்டிகள் வந்து ஆயுள் குறைந்ததையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மனிதரின் ஆயுளை மெலடோனின் நீட்டியதாக நிறுவிய ஆய்வு ஒன்றுமில்லை. உயிரணுக்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் என்ற வாதம் பெரும்பாலும் ரத்தத்தில் இயல்பாக இருப்பதைவிடப் பன்மடங்கு செறிவில் சோதனைக்குழாயில் கண்டதை வைத்துச் சொல்வது. அதற்கு இங்கே அதிக இடம் தேவையில்லை.

இயற்கையானது, கெடுதல் இல்லை என்பது கடைசி வாதம். கடையில் விற்பது ஆலையில் ரசாயனமாகத் தயாராவது. நம் சுரப்பி ஓர் இரவில் தருவது மைக்ரோகிராம் கணக்கில். டப்பாவில் இருப்பது 3, 5, 10 மில்லிகிராம். தூக்கம் கெட்ட 50 வயது கடந்தவர்களிடம் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2001இல் சோதித்தபோது 0.3 மில்லிகிராமே நன்றாக வேலை செய்தது. 3 மில்லிகிராம் உடல் வெப்பத்தைக் குறைத்தது, பகலிலும் ரத்தத்தில் தங்கியது. டப்பாவில் எழுதியிருப்பதையாவது நம்பலாமா? 2017இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது, சொன்னதைவிட 83 சதவீதம் குறைவிலிருந்து 478 சதவீதம் அதிகம் வரை. ஏறத்தாழ நான்கில் ஒன்றில் செரடோனினும் கலந்திருந்தது. மிட்டாய் போலத் தயாரித்து வீட்டில் வைத்ததன் விளைவையும் சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் குழந்தைகள் மெலடோனினை விழுங்கிவிட்டதாக நஞ்சுத் தகவல் மையங்களுக்கு வந்த புகார்கள் 2012இல் 8,337, 2021இல் 52,563.

நம் வீடுகளில் எச்சரிக்கையாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு: சர்க்கரை நோய். உடலில் மெலடோனின் நிறைந்திருக்கும் நேரத்தில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைகிறது என்று ஸ்பெயினில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவு பத்து மணிக்குத் தோசை, அதை ஒட்டியே மாத்திரை என்பது சர்க்கரை உள்ளவர்களுக்குப் பொருந்தாத சேர்க்கை. வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

மெலடோனின் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. வெளிச்சமே உணராத பார்வையற்றவர்களின் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிப்போகும். அதை 24 மணிக்குள் கட்டிவைக்க இது உதவும். சென்னையிலிருந்து டொரன்டோ போய் இறங்குகிறவருக்குச் சரியான நேரத்தில் எடுத்தால் பயன் தரும். ஐரோப்பாவில் 55 வயது கடந்தவர்களின் தூக்கமின்மைக்கு 2 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு 2007இல் அனுமதி கிடைத்தது, மருத்துவர் சீட்டோடு, குறுகிய காலத்துக்கு. இவையெல்லாம் கடிகாரம் தெரிந்த ஒருவரின் கையிலிருந்து வர வேண்டியவை.

மூன்று மணிக்கு விழித்துக்கொள்ளும் பெரியவருக்கு வீட்டில் செய்யக்கூடியது எது என்று கேட்டால்: பிற்பகலில் நெடுந்தூக்கம் வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு, ஐந்து மணி வாக்கில் துணைக்கு ஒருவரோடு திண்ணையிலோ மாடியிலோ தெருவிலோ இருக்கட்டும். மாலை வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னோக்கி நகர்த்தும். எட்டு மணிக்குக் கண் சொக்கினாலும் பேச்சுக் கொடுத்து ஒன்பதரை வரை உட்காரவைக்கலாம். கண்புரை இருந்தால் காட்டிச் சரிசெய்யலாம். இரவில் எழவைக்கும் சிறுநீர்த் தொல்லை, குறட்டையோடு மூச்சுத் திணறல், வலி, மனச்சோர்வு இவற்றில் எது இருக்கிறதென்று மருத்துவரிடம் கேட்கலாம். எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், அந்த மெலடோனின் டப்பா உட்பட.