1080 டிகிரியும் நான் கேட்க வேண்டிய மன்னிப்பும்



கனடாவில் மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வெளியே ஒரே பனி. பேரன் அலமாரியிலிருந்து பழைய நின்டெண்டோ 64 ஒன்றை எடுத்து வந்து, "விளையாடிப் பாருங்க தாத்தா" என்று கையில் கொடுத்தான்.

விளையாட்டின் பெயர் "1080 ஸ்நோபோர்டிங்". இரண்டு கால்களையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்க வேண்டும். ஜப்பானில் 1998 பிப்ரவரியில் வந்ததாம். அதே மாதம் அங்கே நாகானோவில் நடந்த ஒலிம்பிக்கில்தான் ஸ்நோபோர்டிங் முதன்முறையாக இடம்பெற்றது.

பெயரைக் கேட்டதுமே இந்தக் கணக்கு வாத்தியாருக்கு உற்சாகம். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி என்றால் மூன்று சுற்று 1080. அந்தரத்தில் மூன்று முறை சுழன்று இறங்க வேண்டும். அதற்குக் குச்சியையும் பட்டன்களையும் ஒன்பது படிகளாக, வரிசை மாறாமல் இயக்க வேண்டும். கணக்கில் படி விட்டால் மார்க் போகும். இங்கே படி விட்டால் ஆளே குப்புற விழுவான். நான் விழுந்ததை எண்ணி எண்ணிப் பேரனே அலுத்துவிட்டான்.

இனிதான் விஷயம். அதில் பயிற்சிக்கென்று தனிப் பகுதி உண்டு. அங்கே எத்தனை முறை விழுந்தாலும் கேட்க ஆளில்லை. போட்டிப் பகுதியில் அப்படியில்லை. விழ விழ ஓர் அளவுகோல் நிரம்பும். முழுதும் நிரம்பினால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டியதுதான். இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எங்கள் வகுப்பறைகளில் பயிற்சிப் பகுதியே இல்லை. எல்லா நாளையும் பரீட்சை நாளாகவே நடத்தினோம். கரும்பலகையில் தப்பாகப் போட்டவனைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அதை நான் தடுக்கவில்லை. சில நாள் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் வீடியோ கேம் கடையிலிருந்து டியூஷனுக்குத் தாமதமாக வந்த ஒருவனை எல்லார் முன்னும் பெஞ்சு மேல் ஏற்றி, "நீ உருப்பட மாட்டே" என்றேன். மறுநாளிலிருந்து அவன் டியூஷனுக்கு வரவில்லை. ஏன் என்று நானும் விசாரிக்கவில்லை. விழுந்து விழுந்து எழுகிற பொறுமையை அவன் அந்தக் கடையில் கற்றிருக்கலாம். நான் அதைக் கணக்குப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும்.

தம்பி, நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுது. தப்பு என்னுடையது.

பிள்ளைகள் நாள் முழுக்கத் திரை முன்னால் உட்காரட்டும் என்று நான் சொல்லவில்லை. நேரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் பெற்றோர்களே, ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, பிள்ளைகள் கூச்சமில்லாமல் தப்புச் செய்ய தினமும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

எனக்கு இன்னும் 1080 வரவில்லை. நேற்று ஒரு 360 வந்தது. பேரன் கைதட்டினான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்