ஒரே ஆண்டு, இரண்டு வாழ்வு

மணலியை அடுத்த சடையங்குப்பம் பக்கத்தில் பர்மா நகர் இருக்கிறது. பர்மாவில் 1962-ல் இராணுவ ஆட்சி வந்தது. கடைகள் அரசுடைமை ஆயின. 1964 முதல் தமிழர்கள் வெறுங்கையுடன் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

அதே 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையிலிருந்து 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை ஏற்க இந்தியா இசைந்தது. பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள்.

பர்மாவிலிருந்து வந்தவர்களில் பலர் வியாபாரம் பழகியவர்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் அருகே கடை போட்டார்கள். பர்மா பஜார் பிறந்தது.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. வேலையும் வீடும் கிடைத்தன. ஆனால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் கூரையும் போய்விடும்!

ஒருவர் கெட்டிக்காரர், மற்றவர் சோம்பேறி என்று பேசுவது தவறு. இருவரும் உழைப்பாளிகளே. பட்டணத்தில் ஒரு தொழில் போனால் இன்னொன்று உண்டு. மலையில் அப்படி இல்லை.

பர்மா நகரிலும் குறை உண்டு. கொசஸ்தலை ஆறு பெருகினால் தண்ணீர் சூழ்கிறது.

ஆகவே, வேலை மட்டும் கொடுத்தால் போதாது. சொந்தப் பெயரில் மனை வேண்டும். வெள்ளம் புகாத தெரு வேண்டும். அதுதான் மறுவாழ்வு.