பெரிய மீன் தலையில் ஒளிந்திருக்கும் நஞ்சு

‘மீன் நல்லா வெந்துட்டா எந்த விஷமும் போயிடும்’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. கிருமிகளுக்கு இது ஓரளவு பொருந்தும். ‘சிகுவாடெரா’ என்ற மீன் நஞ்சுக்குப் பொருந்தவே பொருந்தாது.

தெப்பக்காட்டில் இருக்கிற நமக்கு இது எதற்கு என்கிறீர்களா? நம் சட்டிக்கு வரும் கடல் மீன் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் மலையேறி வருவதுதானே! அந்தக் கரையிலுள்ள மங்களூரில் 2015-16 வாக்கில், செப்பிலி இனத்துப் பெரிய சிவப்பு மீனைச் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். காரணம் இந்த நஞ்சுதான்.

பவளப்பாறைகளில் படியும் நுண்ணிய பாசியில் இது பிறக்கிறது. பாசியைச் சின்ன மீன் மேய்கிறது. சின்னதைப் பெரிய மீன் தின்கிறது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, பெரிய மீனின் தலை, ஈரல், சினை இவற்றில் அதிகமாகத் தங்கிவிடுகிறது. மீன் புத்தம் புதிதாகவே இருக்கும். நாற்றம், ருசி, நிறம் எதிலும் வித்தியாசம் தெரியாது. வேகவைத்தாலும், பொரித்தாலும், உப்புக்கண்டம் போட்டாலும், ஐஸில் வைத்தாலும் நஞ்சு போகாது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, பேதி வரும். பிறகு உதடும் விரல்களும் மரத்து, குறுகுறுக்கும். குளிர்ந்த நீரைத் தொட்டால் நெருப்பாய்ச் சுடும். இதுதான் முக்கிய அடையாளம். நம் ஊரில் இதை ‘மலைக்குளிர்’ என்று தள்ளிவிட்டால் ஆபத்து. நாடி தளர்ந்து, ரத்த அழுத்தம் இறங்கவும் கூடும். அரிப்பும் மூட்டுவலியும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: மஞ்சள், புளி, மிளகுக் கஷாயம் எதுவும் இதை முறிக்காது. ஆங்கில மருத்துவத்திலும் முறிவு மருந்து கிடையாது. ஆனால் குளுக்கோஸ் ஏற்றி, நாடியைக் கவனித்து உயிரைக் காக்க அங்கே முடியும். கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் கூடலூருக்கோ ஊட்டிக்கோ கிளம்புங்கள். என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இதற்காக மீனையே விட்டுவிட வேண்டாம். மத்தி, அயிலை தாராளமாகச் சாப்பிடலாம். இந்த நஞ்சு அவற்றின் வழியில் வருவதில்லை. இரண்டு மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாறை மீன் என்றால் தலையும் ஈரலும் சினையும் வேண்டாம். கடைக்காரரிடம், ‘எந்தக் கடல் மீன், என்ன மீன்?’ என்று தயங்காமல் கேளுங்கள். விலையை எழுதி வைப்பவர்கள், மீன் வந்த இடத்தையும் எழுதி வைக்கட்டுமே!