தொடக்கத்தார்க்கு எளிதென்பது யாது?

புதிதாக வெளிப்போதரும் கணினி இயங்குதளம் ஒவ்வொன்றும் ‘தொடக்கத்தார்க்கு எளிது’ என்னும் பட்டத்தை நெற்றியிற் கட்டிக்கொண்டே வருகின்றது. அப்பட்டம் பொருந்துமோ பொருந்தாதோ என்று ஆராயுமுன், ‘தொடக்கத்தார்’ என்று அதனைச் செய்தார் கருதியது யாரை என்று வினவுதல் வேண்டும். இவ்வினாவை இப்பொழுது எழுப்புதற்குக் காரணமுண்டு.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்ந்தன. 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குப் பொதுவாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அன்றோடு நிறுத்தினர். பதிந்துகொண்டார்க்கு மட்டும் சிறிது தவணை தந்தனர். அதே நாளில், அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரிலிருந்து ஆர்ட்டியோம், கிரில் என்னும் சோரின் சகோதரர் தம் சோரின் இயங்குதளத்தின் 18ஆம் பதிப்பை வெளியிட்டனர். ஒரு கடை அடைபடும் வேளையறிந்து எதிர்க்கடை திறந்த இவ்வாணிகச் சூழ்ச்சியை யாம் குறைகூறோம். உள்ளே வைத்த பண்டமும் நல்லதே. அதன் அடிப்படைப் பதிப்பு விலையின்றிக் கிடைக்கின்றது.

விண்டோஸ் 11 இயங்குவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் அண்மைக்காலத்துச் செயலியும் வேண்டும். ஆதலின் உடல்நலம் குன்றாத கணினிகள் பலவும் ‘அகவை முதிர்ந்தன’ என்று தள்ளப்படும் நிலையெய்தின. இராஜபாளையத்து நூற்பாலைக் கணக்கறைகளிலும், அதனை யடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்விப்போர் இல்லங்களிலும், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைகளிலும் உழைக்கும் கணினிகள் பெரும்பாலும் இவ்வினத்தனவே. புதிய இயந்திரம் வாங்கும் செலவு ஆலை முதலாளிக்கு ஒரு பொருட்டன்று. நான்கு தறி வைத்திருப்பவருக்கு அஃதொரு திருமணச் செலவுக்கு ஒப்பானது. பழைய கணினியிலும் இயங்கும் தளமொன்று இவர்க்குக் கிடைப்பது பெரும்பேறே.

இனி, அது யார்க்கு எளிது? சோரினைத் திறந்தவுடன் திரையின் அமைப்பு விண்டோஸைப் போலவே தோன்றும். வேண்டுமெனில் வேறு சாயல்களும் பூண்டுகொள்ளும். விண்டோஸுக்குரிய மென்பொருளொன்றை ஒருவர் அறியாது திறப்பாராயின், அதற்கு ஈடாவது இன்னதென்று எடுத்துரைக்கும். இவையெல்லாம் நன்று. ஆயினும் இவ்வெளிமை அனைத்தும் ஒருவருக்கே உரியது: விண்டோஸை முன்னரே கற்று, இப்பொழுது அதனை விட்டுப் பெயர்வார்க்கு. அவர் குடிபெயர்வாரேயன்றித் தொடக்கத்தார் அல்லர்.

எம் பக்கத்துத் தொடக்கத்தார் வேறு. ஆலைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி தமிழ்வழியிற் பயின்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு வருகின்றாள். அவள் கைபேசியை நன்கு கையாளுவாள். கணினியையோ பள்ளியின் பூட்டிய அறையில் வாரத்தில் ஒருநாள் கண்டவள். மறப்பதற்கு அவளிடம் விண்டோஸ் இல்லை. விண்டோஸைப் போன்றிருத்தல் அவளுக்கு என்ன உதவி? அவளுடைய இடர் திரையின் சாயலில் இல்லை. திரையில் எழுதியிருக்கும் மொழியில் இருக்கின்றது. ‘ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டுமே’ என்பார் உளர். கற்கட்டும்; யாமும் கற்றோம். எனினும் ஒரு கடிதத்தைச் சேமித்துவைப்பதற்கு முன்நிபந்தனையாக அயன்மொழி யொன்றைக் கற்கச் சொல்லுதலை ‘எளிமை’ என்று பெயரிட்டழைத்தல் தகாது.

நம் நாட்டார் இதனை எண்ணாதிருந்தாரல்லர். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளைக் கருத்திற்கொண்டே ஆக்கப்பட்டது. தமிழும் அவற்றுள் ஒன்று. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றுள் வைக்கப்பட்டது. மீண்டும், 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு விண்டோஸ் எக்ஸ்பிக்குரிய திருத்தங்கள் நின்றபோது, அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு அறிவுறுத்திற்று. அரசின் இலச்சினையிலுள்ள கோபுரம் எம்மூர்க் கோபுரமே என்று திருவில்லிபுத்தூரார் பெருமை பேசுவர். அவ்விலச்சினையுடைய அரசு அளித்த கணினியில் தமிழறிந்த இயங்குதளம் உறைந்திருந்தும், அதனைப் பெற்ற மாணவருட் பலர் முதலிற் கற்ற வித்தை அதனை அழித்து இடத்தை மீட்பதே!

காரணம் என்னை? கடைக்காரர்க்கும் கணினி கற்பிப்பார்க்கும் விண்டோஸ் ஒன்றே தெரியும் என்பது ஒன்று. அதனினும் பெரிதாக யாம் கருதுவது, தமிழ்த் திரையின் தமிழ் படிப்பார்க்கு இனிமை பயவாமையே. இது பாஸுக்கு மட்டுமுரிய குறையன்று. லினக்ஸ் குடும்பத்துத் தளமெதனையும் நிறுவுங்கால் மொழிப் பட்டியலிற் ‘தமிழ்’ என்பதைத் தேர்ந்து பார்மின்! சில வரிகள் தமிழாகவும் சில வரிகள் ஆங்கிலமாகவும், பாதி வெள்ளையடித்த சுவர்போல நிற்கும். தமிழான வரிகளிலும் சில, ஒருமுறைக்கு இருமுறை படித்து, ஆங்கிலத்தில் இஃது யாதாயிருந்திருக்கும் என்று ஊகித்தறிய வேண்டியனவாக உள்ளன.

இவ்விடத்தே தமிழ் மாணவர்க்குரிய வேலை தொடங்குகின்றது. கணினிக்குரிய பெயர்ச்சொற்கள் பெரிதும் நன்றாகவே அமைந்துவிட்டன. தாள்களைக் கோத்து வைத்தலின் ‘கோப்பு’ என்பது அலுவலகங்களிலும் வழங்கும் சொல், அதனைக் குறைகூறுவாரில்லை. இடர்ப்பாடு வினைகளில். ஒரு பொத்தானில் ‘சேமி’ என்றெழுதுவதா, ‘சேமிக்கவும்’ என்றெழுதுவதா? இரண்டையும் கலந்து வழங்குகின்றனர். பொத்தான் என்பது மனிதர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. ஆகவே ஏவல் ஒருமையே ஆண்டுப் பொருந்தும். ‘சேமிக்கவும்’ என்றெழுதின், இயந்திரம் நம்மை நோக்கி, ‘ஐயா, நீர் சேமித்துவிடும்’ என்பதுபோல் ஆகின்றது. மறுதலையாக, இயந்திரம் நம்மோடு பேசுமிடத்து, ‘காத்திரு’ என்று அதட்டாமல் ‘காத்திருக்கவும்’ என்றல் முறை. ஆணையிடுவார் யார், ஏற்பார் யார் என்னும் இவ்வேறுபாட்டை ஆங்கிலம் காட்டாது, தமிழ் காட்டும். ஏவலும் வியங்கோளும் தேர்வுக்காக மனனம் செய்யும் நமக்கன்றி வேறு யார்க்கு இது தெரிதல் வேண்டும்?

மற்றொன்று, டெலீட், ரிமூவ், கேன்சல் என்னும் மூன்று. முன்னிரண்டையும் ‘நீக்கு’ என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுவது வழக்கமாயிற்று. ஒரு கோப்பைப் பட்டியலினின்று விலக்குதல் வேறு. அதனை அடியோடு அழித்தல் வேறு. ஒன்றென மயங்கி ஒருவர் அழுத்துவாராயின் ஓராண்டுக் கணக்கு ஒழிந்துபோம். முன்னதற்கு ‘விலக்கு’ என்றும் பின்னதற்கு ‘அழி’ என்றும் வரையறுத்தல் நன்று. மூன்றாவதாகிய கேன்சலுக்கு ‘ரத்துசெய்’ என்று நீதிமன்ற மொழி எழுதுவானேன்? நம் வீடுகளில் எல்லாரும் நாடோறும் சொல்லும் ‘வேண்டாம்’ என்பதினும் தெளிந்த சொல் உண்டோ? இஃது இலக்கியத் தமிழன்றே என்று தமிழாசிரியர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

மொழிபெயர்ப்பு ஒருகாலத்தும் ஒரு பதிப்போடு முடிவதன்று என்பதைக் கிறிஸ்தவராகிய நாம் பிறரினும் நன்கறிவோம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார்; அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முற்றிற்று. அது போதாதென்று பின்னர் பப்ரிசியுஸ் திருத்தினார். 1871இல் பவர் முதலானோர் மீட்டும் திருத்தினர். முன்னவர் தமிழ் கரடுமுரடாயிருந்ததென்று எவரும் நூலை மூடிவைத்துவிடவில்லை. அடுத்த பதிப்புக்கு உழைத்தனர்.

இயங்குதளத்திலும் அவ்வாறு உழைக்க இடமுண்டு, உரிமையும் உண்டு. லினக்ஸின் கருவை 1991இல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்பொழுது ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 அகவை மாணவர். நம்மிற் பலரினும் ஈராண்டே மூத்தவர். அவர் தந்த உரிமத்தின்படி, எவரும் அதனைத் திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். சோரின் உபுண்டுவினின்றும், உபுண்டு டெபியனினின்றும் கிளைத்தன. பாஸும் டெபியனின் வழித்தோன்றலே. ஆதலின் பொதுவாகிய உறுப்புகளில் ஒரு வரியை ஒருமுறை திருத்தினால், அத்திருத்தம் காலப்போக்கில் இவை பலவற்றினும் சென்று சேரும். இதற்கு நிரல் எழுதக் கற்கவேண்டுவதில்லை. ஒருபுறம் ஆங்கில வரியும் மறுபுறம் வெற்றிடமுமாக நிரல்பட நிற்கும் பட்டியலை நிரப்புதலே வேலை. இதுகாறும் அதனை நிரப்பியவருட் பெரும்பாலார் பகலெல்லாம் கணினித் தொழில் செய்து, இரவில் தமிழ்மேல் வைத்த அன்பினால் உழைத்த பொறியாளர். அவர்க்கு நாம் நன்றி சொல்லவேண்டுமேயன்றி அவர் தமிழைப் பழித்தல் அறமன்று. தமிழ் ஆனர்ஸ் வகுப்பார் அவ்வேலைக்கு வாராததே பழிக்கத்தக்கது.

எனவே, நம் தமிழ்ப் பேரவையார் பட்டிமன்றங்களுள் ஒன்றை இவ்வாண்டு குறைத்துக்கொண்டு, கணினித் துறை மாணவரோடு சனிக்கிழமைகளில் அமர்ந்து இப்பட்டியலை எடுப்பார்களாக. எழுதிய சொற்களை நாமே மெச்சிக்கொள்ளாமல் பிறரிடம் ஆய்ந்து பார்க்கவும் வேண்டும். திருவில்லிபுத்தூரில் 1875இல் நிறுவப்பட்ட பென்னிங்டன் நூலகத்திற்கு நாளிதழ் படிக்க வருவாருள் கணினி தொடாத முதியோரும் உளர். வேலைக்கு விண்ணப்பம் எழுத வரும் இளைஞரும் உளர். நூலகத்தார் இசைவளிப்பின், பழைய கணினி யொன்றைத் தமிழ்த் திரையோடு அங்கு வைத்து, எச்சொல்லின்மேல் அவர் விரல் தயங்கி நிற்கின்றதென்று அருகிருந்து குறித்துவரலாம். முதலிற் குறிக்கவேண்டுவன மேலே கூறிய ‘விலக்கு’, ‘அழி’, ‘வேண்டாம்’ என்னும் மூன்றும்.